சின்ன ரு, பெரிய று

டிரைவரம்மாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே மறைந்துபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு, பன்னிரண்டாயிரம் பேர் உட்காரும் கலையரங்கத்தில், இடைவேளை விளக்குகள் எரிந்தபோது. கால் எங்கும் போய்விடவில்லை. தொட்டால் இருந்தது, கிள்ளினால் வலித்தது, கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. இடது செருப்பு ஆளில்லாமல் தரையில் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, இடம் கிடைத்ததென்று தன் காலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

டிரைவரம்மா நகரப் பேருந்தைப் பதினாறு ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்தவர். கணவர் ஓர் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்ப்பவர். தெருவில் அவரைப் புரூஃப்காரர் என்பார்கள். கடையின் விலைப்பட்டியலையும் கல்யாணப் பத்திரிகையையும் ஒரே கடுப்போடு படிப்பார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குத் திருமண நாள். அந்தரத்தில் ஊஞ்சலாடும் கலைஞர்களின் நிகழ்ச்சிக்கு மூன்று மாதத்துக்கு முன்பே சீட்டு வாங்கி வைத்திருந்தார். மேலே பதினெட்டுப் பேர் ஒருவர்கூட விழாமல் பறக்கவிருந்த அந்த அரங்கத்தில், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில், கிழக்கு மாடத்தின் பதினான்காவது படியில் டிரைவரம்மா விழுந்தார். குளிர்பானம் தரும் இயந்திரம் ஒழுகிப் படி ஈரமாக இருந்தது. படியோர விளக்கு எரியவில்லை. எலும்பு முறிந்த சத்தம் அவருக்குக் கேட்டது. கணவருக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் உள்ளே மேளம் தொடங்கிவிட்டிருந்தது.

அரங்கக் காவலாளி தடிமனான பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நல்ல மனிதர். "என்னாச்சும்மா? எங்க அடிபட்டுச்சு?" என்று கேட்டார். டிரைவரம்மா வாயைத் திறப்பதற்குள் புரூஃப்காரர், "ஒண்ணுமில்ல சார், லேசா வழுக்கிடுச்சு. ஷோ ஆரம்பிச்சிடுச்சு, நாங்க போறோம்" என்றார். நான்கு வரிசை ஜனம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் டிரைவரம்மாவும் கூச்சத்தோடு, "ஆமா, ஒண்ணுமில்ல" என்றார். படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "நான் பாத்தேன், நல்லா விழுந்தாங்க, வேணும்னா என் நம்பர் எழுதிக்கோங்க" என்று சொன்னதற்கு, "பரவாயில்லம்மா" என்று பதில் கிடைத்தது. காவலாளி 'காயம்' என்ற கட்டத்தில் எழுதினார். டிரைவரம்மா கையெழுத்துப் போட்டார்.

அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. காவலாளி எழுதியிருந்தது 'ஒன்ருமில்லை'. புரூஃப்காரரால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. "சின்ன ரு போட்டிருக்கீங்க சார், பெரிய று வரணும்" என்று சொல்லி, சிவப்புப் பேனாவை எடுத்து, ரு-வை அடித்து மேலே று எழுதி, திருத்தியதற்கு அடையாளமாகத் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். காவலாளி நன்றி சொன்னார். உள்ளே போய் உட்கார்ந்து, ஒன்றேகால் மணி நேரம் கழித்து விளக்கு எரிந்தபோது, எழுதியபடியே அங்கே ஒன்றுமில்லை.

மருத்துவமனைக்கு மறுநாள் போனார்கள். எக்ஸ்ரே படத்தில் மேஜை தெளிவாக விழுந்திருந்தது. "வீக்கம் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது என்றார் டிரைவரம்மா. "நான் பாக்கலையே." "நானும்தான் பாக்கல டாக்டர்." தெரியாத எலும்பை நேராக வைத்துக் கட்ட முடியாது என்று டாக்டர் வருத்தத்தோடு சொல்லி, 'நோயாளி கூற்றுப்படி வலி' என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினார். எலும்பு யாரும் பார்க்காத இடத்தில் தன் போக்கில் ஒட்டிக்கொண்டது.

பணிமனையில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். டிரைவரம்மா மைதானத்தை மூன்று சுற்று வந்தார். கிளட்ச் தானாக அமுங்கியது, தானாக எழுந்தது. மூன்றாவது சுற்றில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை மேலாளர் கவனித்தார். "நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஆனா கிளட்சை மிதிக்கிறது யாருன்னு மேல கேட்டா நான் யாரைக் காட்டுறது?" என்றார். கால் தெரிகிற நாளில் வண்டி உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்து, அதுவரை நேரம் அறிவிக்கும் கூண்டில் உட்கார வைத்தார். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறதென்று ஒலிபெருக்கியில் சொல்வது வேலை. தன்னுடைய பழைய வண்டி கிளம்பும்போது மட்டும் அவர் குரல் ஒரு சொல் பிந்தி வந்தது.

கால் போனதன் காரணத்தை வீட்டுக்கு வந்து சொன்னது டிரைவரம்மாவின் தங்கை. அவளுக்கு எதையும் மென்று முழுங்கத் தெரியாது. "மாமா, அக்காவுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்க. அதுவும் தப்பில்லாம. அந்தக் காவலாளி எழுதின மாதிரியே விட்டிருந்தா, அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது" என்றாள். புரூஃப்காரர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கலையரங்க அலுவலகத்துக்குப் போனார். விழுந்து முப்பத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

அங்கே இருந்த எழுத்தர் பொறுமையாகத்தான் கேட்டார். "படம் எடுத்தீங்களா சார்?" எதை என்று கேட்டார் புரூஃப்காரர். "படிக்கட்டை, ஈரத்தை, காலை." "அப்பதான் கால் தெரிஞ்சுதே, அதைப் போய் யாராவது படம் எடுப்பாங்களா?" விழுந்ததைப் பார்த்தவர் யார் என்று கேட்டார்; அந்தப் பெண்ணின் நம்பரைத்தான் இவர்கள் வாங்கவில்லையே. செருப்பின் அடியில் ஒட்டியிருந்த குளிர்பானத்தை அவரே தேய்த்துக் கழுவியிருந்தார். அரங்கத்துக் கேமராப் பதிவுகள் முப்பது நாளில் அழிந்துவிடும் என்றார் எழுத்தர். அன்றே டாக்டரிடம் காட்டினீர்களா என்றும் கேட்டார். கடைசியில் பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து இருக்கு, திருத்தம் இருக்கு, திருத்தினவர் அடையாளம் இருக்கு. இவ்வளவு சுத்தமான பதிவு இந்த ஆஃபீஸ்லயே இல்ல சார்" என்றார். கிண்டல் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் புரூஃப்காரரை வீடு வரைக்கும் நடக்க வைத்தது.

அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் போயின. ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் அவர் ஒரு மனு கொடுத்தார். 'பதிவேடு மூடப்பட்டது' என்று பதில் வந்தது. பதிலில் இருந்த பிழைகளை அவர் திருத்தவில்லை. ஆளில்லாத செருப்பு நொண்டிக்கொண்டே போவதைத் தெரு ஒரு மாதம் வேடிக்கை பார்த்தது, பிறகு குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசப் போய்விட்டது. டிரைவரம்மா நகம் வெட்டிக்கொள்வது தடவிப் பார்த்துத்தான். இரண்டு முறை சதையை வெட்டிக்கொண்டார், ரத்தம் தரையில் விழுந்த பிறகே தெரிந்தது. அந்த வீட்டில் 'ஒண்ணுமில்ல' என்ற சொல் நின்றுபோனது. டப்பாவில் சர்க்கரை தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்றார்கள். வலிக்கிறதா என்றும் அவர் மனைவியைக் கேட்கவில்லை. கேட்டால் பழக்கத்தில் அந்தச் சொல் வந்துவிடுமோ என்று பயம்.

பன்னிரண்டாம் ஆண்டில் கலையரங்கத்துக்குப் புதிய அதிகாரி வந்தார். இளம்பெண். மனுவைப் படித்துவிட்டு, "அந்த அம்மாவா? நான் காலேஜுக்கு ஓடி வரும்போது எனக்காகப் பஸ்ஸ நிறுத்தி வைப்பாங்களே" என்றார். கிடங்கிலிருந்து பதிவேடு வந்தது. விதியையும் அவரே படித்துச் சொன்னார்: மூடிய பதிவேட்டில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, 'காலில் அடி' என்று எழுத முடியாது, ஆனால் திருத்தம் போட்டவர் தன் திருத்தத்தைத் திரும்பப் பெறலாம்.

திருத்தியது தவறு என்று பின்னால் தெரிந்தால், அடித்த எழுத்தின் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவது அச்சகத்து வழக்கம். முன்பு இருந்ததே இருக்கட்டும் என்று பொருள். முப்பத்தோராண்டு வேலையில் புரூஃப்காரர் அப்படி எழுதியதே இல்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. அன்று காலை பதினொன்று நாற்பதுக்கு சின்ன ரு-வின் கீழே மூன்று புள்ளி வைத்தார். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினார். எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல் பழையபடி அந்தக் கட்டத்தில் நின்றது.

அதே நேரத்தில் பணிமனைக் கூண்டில், மேஜைக்கு அடியில், டிரைவரம்மாவின் கால் திரும்பி வந்தது. அவர் அறிவிப்பைப் பாதியில் நிறுத்தவில்லை. வண்டி எண்ணையும் கிளம்பும் நேரத்தையும் சொல்லி முடித்து, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கணுக்காலுக்கு மேலே எலும்பு வெளிப்பக்கமாக வளைந்து, பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. "அன்னிக்கே பாத்திருந்தா ஆறு வாரம் கட்டுப் போட்டிருப்பேன், நேராயிருக்கும்" என்றார். மேலாளர் மாறியிருந்தார், புதியவர் பழைய வாக்கை மதித்தார், ஆனால் ஓட்டுநருக்கான வயது வரம்பைத் தாண்டிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

மருத்துவமனையிலிருந்து வந்த சாயங்காலம், காலை நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு டிரைவரம்மா உட்கார்ந்திருந்தார். புரூஃப்காரர் எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"வலிக்குதா?"

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா? வலிக்குதுங்க. அன்னிலேருந்து வலிக்குது."

"எழுதிக்கவா?"

"எழுதுங்க."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியை எழுதினார். நேரம், கிழக்கு மாடம், பதினான்காவது படி, ஈரம், எரியாத விளக்கு எல்லாவற்றையும் எழுதினார். கடைசி வரியை முடித்துத் தாளை மனைவியிடம் கொடுத்தார். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்து, கடைசி வரியில் நிறுத்தினார். 'கால் வளிக்கிறது' என்று இருந்தது. புரூஃப்காரரும் அப்போதுதான் பார்த்தார். முகம் சிவந்து, சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவுக்குக் கையைக் கொண்டுபோனார்.

டிரைவரம்மா தாளை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றார்.