புரிஞ்சுதா சார்

மனித குலத்தின் அறிவு வளர்ச்சியைக் கெடுத்தவை இரண்டே இரண்டு: ஒன்று போர், மற்றொன்று பாடக்குறிப்பேட்டில் ‘கற்றல் நோக்கம்’ என்றிருக்கும் மூன்றாவது கட்டம். இருபத்தாறு ஆண்டு அனுபவத்தில் அறிவியல் ஆசிரியர் கண்டறிந்த உண்மை இது. டீ வரும் நேரத்தில் ஆசிரியர் அறையில் இதை அறிவிப்பார். யாருக்கும் சிரிக்கத் தைரியம் வராது. அவரும் சிரிக்கமாட்டார்.

அந்தக் கட்டத்தை நிரப்ப அவரிடம் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. ‘மாணவர்கள் நன்கு புரிந்துகொள்வார்கள்.’ பள்ளி திறக்கும் நாளிலேயே உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை குத்தித் தள்ளிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டார்கள்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் “புரிஞ்சுதா?” என்பார். நாற்பது குரல்கள் “புரிஞ்சுது சார்” என்னும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே ‘புரிஞ்சுதா சார்’தான். பள்ளிக்கூடத்தில் அது தெரியாத ஒரே ஆள் அவர். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய மகளும் வீட்டில் மூச்சு விட்டதில்லை.

பக்கத்துப் பிரிவுக்குப் புதிதாக வந்த டீச்சர், அன்றைக்குப் பிள்ளைகள் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று கரும்பலகை ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

“என்னம்மா, ஹோட்டல் மெனுவா?” என்றார் இவர். “இன்னைக்கு என்ன கிடைக்கும்னு எழுதிப் போட்டிருக்கீங்க.”

“எதுக்காகப் பாடம் எடுக்கிறேன்னு நடுவுல எனக்கே மறந்துடுது சார். அதான்.”

“சேர்ந்து ஆறு மாசம்தான் ஆச்சு. அதுக்குள்ள மறதியா.”

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், மூன்றாவது கட்டத்தை நீக்கவேண்டும் என்று அவர் எழுந்து நின்று கேட்டார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எடுத்துடலாம் சார். ரெண்டு பிரிவுலயும் இந்த வாரம் வெப்பநிலைமானிதானே? வெள்ளிக்கிழமை கணக்கு சார் வந்து ரெண்டு பக்கமும் ஒரே கேள்வி கேட்கட்டும். உங்க பசங்க நல்லா சொன்னா கட்டம் போச்சு.”

“சொன்னாங்கிற பேச்சே வேண்டாம் மேடம். சொல்லுவாங்க.”

வெள்ளிக்கிழமை கணக்கு ஆசிரியர் ஒரு டம்ளர் வெந்நீரோடும் ஒரு வெப்பநிலைமானியோடும் வந்தார். முதலில் பக்கத்துப் பிரிவு. கூப்பிட்ட மூன்று பிள்ளைகளும் குனிந்து, கண்ணை நேராக வைத்து, கருவி நீரில் இருக்கும்போதே படித்துச் சொன்னார்கள். பின்னால் நின்று பார்த்த அறிவியல் ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு இவர் வகுப்பு. “இந்தத் தண்ணி எத்தனை டிகிரி? யார் வர்றீங்க?”

வெப்பநிலைமானியின் வரையறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நாற்பது பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள். இவரே மகளைக் கைகாட்டினார்.

அவள் வந்தாள். வீட்டில் காய்ச்சலுக்கு அம்மா செய்வது போலவே கருவியை நீரிலிருந்து எடுத்து, மூன்று முறை உதறி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

“முப்பத்தி நாலு சார்.”

டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“அப்ப காய்ச்சல் இல்ல சார்,” என்றது கடைசி பெஞ்ச்.

வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு, “வரையறையைக் கேட்டுப் பாருங்க, சொல்லுவா,” என்றார் இவர். அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அதைக் கேட்கத்தான் அவருக்கு இன்னும் அதிகக் கூச்சமாக இருந்தது.

“புரிஞ்சுதுன்னு அன்னைக்குச் சொன்னியே?” என்றார், மெதுவாக.

“நீங்க கேட்டீங்க, சொன்னேன்ப்பா. இதை ஒருநாளும் எங்க கையில குடுக்கலையே.”

வகுப்பில் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. கருவிகள் இருந்த அலமாரியின் சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது, வழக்கம்போல.

தலைமையாசிரியை வராந்தாவில் எதிர்ப்பட்டார். “கட்டம் இருந்துட்டுப் போகட்டும் சார். நீங்க முத்திரையே குத்திக்கோங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் விட்டுடுங்க.”

அவருக்குக் காது சுட்டது.

வீட்டில் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே மகளிடம் கேட்டார். “எல்லாருமே சும்மாவா சொல்வீங்க?”

“பெல் அடிக்கிற நேரம்ப்பா,” என்றாள் அவள். “புரியலைன்னா நீங்க திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிப்பீங்க.” பிறகு, அவர் முகத்தைப் பார்த்து, “ரசம் ஊத்தவா?” என்றாள்.

திங்கட்கிழமை அவர் முதல் ஆளாக வந்தார். அலமாரியைத் திறந்து எட்டு வெப்பநிலைமானிகளைத் தூசி தட்டி வைத்தார். பலகை ஓரத்தில் ‘வெப்பநிலைமானியைப் பற்றிப் புரிந்து’ என்று எழுதி, அழித்தார். வராந்தாவை இருபுறமும் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்குள் போனார். போன வாரத்து வரி அங்கே இன்னும் இருந்தது. பரீட்சையில் பிட் எழுதும் பையனைப் போல அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரும்பினார்.

‘வகுப்பு முடிவதற்குள் நீங்கள் ஒவ்வொருவரும், கருவியை வெளியே எடுக்காமல் வெந்நீரின் வெப்பநிலையைப் படித்துச் சொல்வீர்கள்.’

கடைசிப் புள்ளி வைக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். சட்டென்று திரும்பி, முதுகைப் பலகையோடு ஒட்டிக்கொண்டார்.

“என்ன சார், இவ்வளவு சீக்கிரம்?” என்றார் புதிய டீச்சர்.

“சும்மாதான்மா. காத்து வாங்கலாம்னு.”

டீச்சர் போனதும் பலகையைப் பார்த்தார். வரியில் பாதி அவருடைய சட்டை முதுகுக்கு மாறியிருந்தது. சாக்பீஸை எடுத்து, அழிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக மறுபடி எழுதினார்.