சித்தப்பாவின் முதுகு

அணையின் இரும்புக் கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை விழுந்ததும், பழுது பார்க்கப் போன சித்தப்பா அதில் முதுகை வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓட்டையில் வைத்து அடைக்க ரப்பர் வந்ததும் எழுந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அதற்குள் நகர்ந்தால் கீழே மோட்டார் அறை மூழ்கிவிடும்.

மறுநாள் இன்ஜினியர் வந்து கதவைத் தடவிப் பார்த்தார்.

"கசிவே இல்லையே. ரப்பர் எதுக்கு?"

"நான் அடைச்சிட்டு உக்காந்திருக்கேன் சார். அதான் கசியல."

"அப்ப எந்திரிங்க, பாப்போம்."

"எந்திரிச்சா மோட்டார் முழுகிடும் சார்."

"அப்ப எந்திரிக்காதீங்க. கசியாத கதவுக்கு ரப்பர் கொடுக்க விதியில இடமில்ல."

சித்தப்பா அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே தூங்கினார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த சித்தி, என்னையும் இழுத்துக்கொண்டு அணைக்குப் போனாள். சித்தப்பாவைச் சுற்றி மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டு, 'தொடாதே' என்று எழுதிக்கொண்டிருந்தார் இன்ஜினியர்.

"வீட்டுலதான் உக்காந்த இடத்த விட்டு அசைய மாட்டீங்க. இங்கயுமா?" என்றாள் சித்தி.

"முதுகு அரிக்குதுடி" என்றார் சித்தப்பா, அழாத குறையாக.

சித்தி கோட்டைத் தாண்டிப் போய் அவர் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள். அவர் நெளிந்தார். பீய்ச்சியடித்த தண்ணீரில் இன்ஜினியரின் மூக்குக்கண்ணாடி பறந்தது.

அன்று மாலைக்குள் ரப்பர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த சித்தப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சாப்பிட எழுந்து வரும்படி சித்தி கூப்பிட்டாள்.

"முதல்ல நீ சுவத்துக்கு அந்தப் பக்கம் போய், தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு வா" என்றார்.