கூரையிலிருந்த புடைப்பு

வீட்டு வாசலில் பந்தயக் கார் சாயலில் நின்ற பழைய காரின் பாடியை வடிவமைத்து வரைந்தது தான்தான் என்று மாமனார் வருவோர் போவோரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். மருமகளுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே சந்தேகம்தான். ஒரு கோடு நேராக இழுக்கத் தெரியாத மனுஷன்!

"கூரை பின்பக்கம் ஏன் மாமா புடைச்சிருக்கு?"

"ஓட்டுறவனோட ஹெல்மெட் இடிக்காம இருக்கத்தாம்மா."

ஹெல்மெட் அவ்வளவு பின்னால் எதற்குப் போகிறது?

"எங்க, உக்காந்து காட்டுங்க."

உட்கார்ந்தார். உச்சந்தலை நங்கென்று கூரையில் இடித்தது. புடைப்போ பின்னால் காலியாகக் கிடந்தது.

"இறங்குங்க, வண்டியை நிழல்ல விடணும்" என்று மாமியார் வந்து ஏறினாள். பின்னுச்சியில் தூக்கிக் கட்டிய அவளுடைய கொண்டை, அவளே அளவெடுத்து வரைந்ததுபோல அந்தப் புடைப்புக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் டயரைப் பார்த்தார்.