அஞ்சாம் தேதி வந்த வாடகை

மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன இஃப்ரா, கொடியருகே அப்படியே நின்றுவிட்டாள்.

தேவானை அக்காவின் பச்சைப் புடவை கொடியிலேயே கிடந்தது. முந்தாநாள் இரவு மழையில் நனைந்து, மறுபடி காய்ந்து, விறைத்துப் போயிருந்தது. பொழுது சாயும்முன் துணியை மடித்து வைக்காவிட்டால் தூக்கம் வராது அக்காவுக்கு.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டின் மொட்டைமாடி அறையில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறாள் தேவானை. தனி ஆள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மாதம் பிறந்தால் அஞ்சாம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, வாடகைக் கவரோடு கீழே இறங்கி வருவாள். இஃப்ராவின் மாமியார் அஸ்மத்துன்னிசா இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்திருப்பாள். வாடகை கைமாற ஒரு நிமிடம், பேச்சு முடிய ஒரு மணி நேரம்.

தை மாதத்தில் அதை மாற்றியவன் யாசிர்தான், இஃப்ராவின் கணவன். "அக்கா ஏன் படி இறங்கணும், அம்மா ஏன் காத்துக்கினு இருக்கணும்? ஆட்டோ பே போட்டுட்டேன். அஞ்சாம் தேதி காலைல ஆறு மணிக்குத் தானா வந்துடும்." பின்கட்டில் குடியிருக்கும் கணேசமூர்த்திக்கும் அதேபோல் ஏழாம் தேதி சாயங்காலத்துக்குப் போட்டுக் கொடுத்தான். எல்லோருக்கும் சௌகரியம். மெசேஜ் இஃப்ராவின் போனுக்கு வரும்.

இன்று ஏழாம் தேதி.

நேற்றுகூட மாமியார் கேட்டாள்: "மேல சத்தமே காணோமே, தேவானை ஊருக்குப் போயிட்டாளா?"

"வாடகை வந்துடுச்சே மாமி. நல்லாத்தான் இருப்பாங்க."

தான் சொன்ன அந்தப் பதில் இப்போது இஃப்ராவுக்கு நினைவு வந்தது. வாடகையை அனுப்பியது அக்கா இல்லை. அது தானாக வந்தது.

கதவைத் தட்டினாள். "அக்கா!" உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம். கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. போன் அடித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"யாசிர்! மேல வாங்க!" தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது அவளுக்கு.

யாசிர் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் அக்பர் பாஷாவையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"இன்னா நைனா, எத்தினி நாளா இப்டி கீது?"

"தெரியலண்ணே."

"மாடில குடி வச்சிக்கினு தெரியலன்றியே. தள்ளு."

அக்பர் பாஷா கீழிருந்து எடுத்துவந்த கடப்பாரையின் ஒவ்வொரு இடிக்கும் இஃப்ரா கண்ணை மூடிக்கொண்டாள். கதவு திறந்ததும் முதலில் உள்ளே போக யாருக்கும் கால் எழவில்லை. அவள்தான் போனாள்.

குளியலறையில் ஒருக்களித்துக் கிடந்தாள் தேவானை. இடது கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அருகில் சாய்ந்த வாளியில் ஒரு குவளை தண்ணீர்தான் மிச்சம். இஃப்ரா மூக்கருகே கையை வைத்தாள். ஒன்றுமே தெரியவில்லை. மறுபடி வைத்தாள்.

"மூச்சு இருக்கு! ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!"

முட்டிவலியால் நான்கு வருடமாக மாடிப்படி மிதிக்காத அஸ்மத்துன்னிசா, சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, ஈரத் தரையில் உட்கார்ந்து தேவானையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எப்போடி விழுந்தே?"

வெடித்த உதடுகள் மெல்ல அசைந்தன. "அஞ்சாம் தேதி... விடியக்காலை. புடவையைத் துவைச்சுக் காயப்போட்டுட்டு வந்து வழுக்கிட்டேன். கத்தினேன். யாருக்கும் கேக்கல." மூச்சு வாங்கினாள். "ஆறு மணிக்குப் போன் டிங்குன்னு அடிச்சுது. வாடகை போயிடுச்சு, இனி என்னைத் தேடி யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன்."

யாசிர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அதை நிறுத்துடா," என்றாள் அவன் அம்மா, அவனைப் பார்க்காமலே. "இவ வந்து என் கையில குடுக்கட்டும். வர முடியலைன்னா நான் ஏறி வரேன்."

ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை. ஏற்றிய பிறகும் விடவில்லை. கூடவே போனாள். யாசிர் பின்னாலேயே வண்டியை எடுத்தான்.

வாசலில் இஃப்ரா தனியாக நின்றாள். கையில் போன் டிங்கென்றது.

கணேசமூர்த்தியின் வாடகை வந்திருந்தது.

அவள் திரும்பிப் பின்கட்டைப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. கதவு இடிபட்ட சத்தம், ஆம்புலன்ஸ், கூடிய கூட்டம் எதற்கும் அவர் வெளியே வரவில்லை. அவரைக் கடைசியாக என்றைக்குப் பார்த்தோம்? நினைவுக்கு வரவில்லை.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்தாள்.

"சார்! கணேசமூர்த்தி சார்!"

உள்ளே ஏதோ நகர்ந்தது. செருப்பு தேயும் ஓசை. தாழ் விலகியது. காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கியபடி, லுங்கியும் கையில் தோசைக் கரண்டியுமாக நின்றார் கணேசமூர்த்தி.

"என்னம்மா? வாடகை வரலையா?"

"வந்துடுச்சு சார்," என்றாள் இஃப்ரா. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.