நாயக் சந்திரசேகர் போன வழி

1

இந்தக் கதை ஒரு ஃப்ளெக்ஸ் பேனரிலிருந்து பிறந்தது. நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விழாக்குழு எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்திவிடும். 'வீரவணக்கம்' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே உயிரோடிருக்கும் பதினேழு பேர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போனவரை மூலையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனிமலை உச்சியில், தாய்மண்ணை நெஞ்சில் ஏந்தி, அவன்—"

அடித்துவிட்டேன். நான் பார்த்த அதிகபட்சக் குளிர் ஏற்காடு. தவிர, நாயக் பதவியிலிருந்த சிப்பாய் சந்திரசேகர் பனிச்சரிவில் எப்படிச் செத்தார் என்பது ராணுவத்துக்குத் தெரியும். செத்த பிறகு அவருக்கு என்ன நடந்தது என்பது ஊருக்குத்தான் தெரியும். ஊர் அதை வசதியாக மறந்துவிட்டது. ஆகவே அவர் மனைவி அனிதாவிடமிருந்து தொடங்குகிறேன்.

அனிதா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிறவள். சந்திரசேகரின் நினைவுத்தூண் திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்பு, லாரி பாடி கட்டும் பட்டறை முதலாளியும் விழாக்குழுத் தலைவருமான தமிழரசு பண்ணைக்கே வந்தார்.

"ஞாயித்துக்கெழமை நீதான் படத்தை ஏந்திக்கிட்டு முன்னால வரோணும் அம்மிணி. வளைவுல இருந்து பெரிய தெரு வழியா நினைவுத்தூண் வரைக்கும் ஊர்வலம்."

அனிதா கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்தாள். "பெரிய தெரு வழியாங்களா?"

"பின்னே?"

"அன்னிக்கு அவரை அந்த வழியா உடலீங்களே."

3

அன்றைக்கு என்றால் நான்கு வருடத்துக்கு முன்பு. அனிதாவின் வீடு காலனியில். காலனிக்குப் போகும் தார்ரோடு பெரிய தெரு வழியாகத்தான். தேசியக்கொடி போர்த்திய பெட்டியோடு ராணுவ வண்டி ஊர் நுழைவு வளைவுக்கு வந்தபோது, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக்குள் பிணம் தெருவில் வரக்கூடாது என்று தமிழரசு மறித்தார். வண்டியிலிருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என்ன தடை என்று இங்கிலீஷில் கேட்டார். தமிழரசு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "ரோடு ரிப்பேர் சார்" என்றார். பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனிதா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வண்டி ஏரிக்கரையில் திரும்பிச் சேற்றில் சிக்கியது. சிப்பாய்கள் இறங்கித் தள்ளினார்கள்.

[அதே காப்புக்குள் பெரிய தெருக்காரர் ஒருவரும் இறந்தார். அவர் பெரிய தெரு வழியாகத்தான் போனார். இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கே.]

தமிழரசை வில்லனாக்கப் பார்த்தேன். சரியாக அமையவில்லை. சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கத் தன் டிராக்டரை அனுப்பியவரும் அவரே. அதற்கு அனிதா ஒரு நன்றி சொல்லவில்லையே என்ற மனத்தாங்கல்கூட அவருக்கு உண்டு. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம்.

4

ஞாயிற்றுக்கிழமை. வளைவடியில் பேண்டு வாத்தியம், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ராணுவத்தார் மூவர். மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர்கள் கேமராவைப் பார்த்தார்கள். அனிதா படத்தோடு வந்து வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வா அம்மிணி. சிறப்பு விருந்தினர் காத்துக்கிட்டிருக்காரு."

"வாரேனுங்க. அதுக்கு முன்னால மைக்குல ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. அன்னிக்கு ரோடு நல்லாத்தான் இருந்துச்சுன்னு."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?"

"நல்ல நாள்லதானுங்களே சொல்லோணும்."

மூவரில் மூத்தவரான சுபேதார் மாரியப்பன் குறுக்கிட்டார். "அந்தப் புள்ள கேக்கறதுல என்னங்க தப்பு? சொல்லிப்போடுங்க."

தமிழரசு மைக்கை வாங்கினார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு— இல்லை, செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நேரமாச்சுங்க. பேண்டு ஆரம்பிக்கலாம்" என்றார் தமிழரசு.

ஊர்வலம் போய்விட்டது. தூண் திறக்கப்பட்டது. விருந்தினர் தியாகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். இரண்டு தடவை சந்திரசேகரை ராஜசேகர் என்றார். மாரியப்பன் மட்டும் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு அனிதாவோடு வீடுவரை நடந்தார். படத்தை ஆணியில் மாட்டும்போது அது கோணலாகவே இருப்பதாக அவள் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள்.

5

ஒரு முடிவு: தமிழரசு மனம் திருந்தி, ஊரைக் கூட்டி— பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். அடித்துவிட்டேன்.

இன்னொன்று: அனிதா கடப்பாரையோடு தூணை நோக்கி— எனக்குப் பிடிக்கும். அவள் செய்ய மாட்டாள்.

நடந்தது இது. சாயங்காலம் தமிழரசு தனியாக வந்து அவள் வாசலில் நின்றார்.

"ரோடு நல்லாத்தான் இருந்துச்சு அம்மிணி."

"அது எனக்குத் தெரியுமுங்களே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

அவர் போகவில்லை. "கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

காலனியில் யார் வீட்டிலும் அவர் இதுவரை தண்ணீர் குடித்ததில்லை. தான் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. அனிதா சொம்பை எடுத்துவிட்டாள். குடத்துக்கும் வாசலுக்கும் நடுவே நிற்கிறாள்.

அவள் கொடுத்தாளா என்று நான் எழுதப்போவதில்லை. கொடுத்தாள் என்றால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவீர்கள். கொடுக்கவில்லை என்றால் அவளுக்குத் திமிர் என்பீர்கள். எது வேண்டுமோ நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டத் தைரியம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.