நாகையா அண்ணனின் கால்

நாகையா அண்ணனுக்கு ஒரு கால் இல்லை. என் வீட்டுக்காரர் இராமலிங்கத்துக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

இருவரும் கிள்ளானில் ஒரே கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள். லோரி ஏறி அவருக்குக் கால் போனது. மூட்டை அடுக்கு சரிந்து இவருக்கு முதுகு போனது. கால் போனது ஊருக்கே தெரியும். முதுகு போனது, காலையில் இவரைத் தூக்கி உட்கார வைக்கும் எனக்குத்தான் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் சிவசம்பு சார் சனிக்கிழமைகளில் ஊனமுற்றவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார். எந்த உதவித்தொகை கிடைக்கும், டாக்டர்கள் முன்னால் என்ன பேச வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தருவார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெஞ்சில் கண் தெரியாதவர், காது கேளாதவர், வலிப்பு வரும் பெண் எல்லாரும் இருப்பார்கள். நாங்களும் போவோம். வெளியே ஒரு குறையும் தெரியாத இவரிடம், யாரைக் கூட்டி வந்தீர்கள் என்று கேட்பார்கள். அன்று வீட்டில் இவருக்குச் சோறு இறங்காது.

நான் மட்டும் என்ன? கால் போனதற்கு நாகையா அண்ணனுக்குப் பென்ஷன் வந்ததும் அவர் மனைவி புதுச் சேலையில் பாசாருக்குக் காய்கறி வாங்க வந்தாள். நல்லா இருக்கு என்றேன். வாய்தான் சொன்னது.

நாகையா அண்ணனுக்காக அவர் தம்பி பத்துமலையில் பால்குடம் எடுத்தாராம். அதைக் கேட்டதும் இவர் காவடிக்கே நேர்ந்துகொண்டார். இவருக்கும் பென்ஷன் வர, இனி சுமை தூக்க முடியாது என்று டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமாம், அதற்குக் காவடி தூக்குவாராம்! தலையில் அடித்துக்கொண்டேன். எந்த அருளோ, மலைப்படி முழுக்க ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவர் ஒரு வாரம் எழவில்லை.

அடுத்த முறை போனபோது சிவசம்பு சார் தமிழ்ப் பேப்பரை மேசையில் விரித்தார். படத்தில் காவடிக்கடியில் பாதி முகம்.

"இதில நிக்கிறது நீர்தானோ? டாக்டர்மாரும் பேப்பர் பாப்பினம்."

செயற்கைக் கால் விஷயமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகையா அண்ணன் படத்தை எட்டிப் பார்த்தார்.

"இவனாவது, காவடியாவது. ரெண்டு படி ஏறினாலே உக்காந்துடுவான் சார். இது வேற யாரோ லா."

காப்பாற்றத்தான் சொன்னார். எனக்குக் கண்ஜாடையும் காட்டினார். பேசாமல் இருக்கச் சொல்லி நான் இவர் கையைக் கிள்ளினேன்.

இவர் நிமிர்ந்தார். அந்த முதுகு அப்படி நிமிர்ந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. சட்டையை விலக்கித் தோளில் காவடி அழுந்திய காயத்தைக் காட்டினார்.

"நான்தான் சார். இவன ஏறச் சொல்லுங்க பாப்போம்."

சிவசம்பு சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது மாடிப்படியில் இவர் முதுகு பிடித்துக்கொண்டது. நாகையா அண்ணனின் தோளைப் பிடித்துத்தான் கீழே இறங்கினார்.