அம்பு ஒட்டாத ஆள்

பொருளாதார மந்தம் டீ நேரத்தில் பனியன் கம்பெனிக்குள் வந்தது. வெள்ளைச் சட்டை. கையில் இரும்புக் குழாய். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவின் வலது முழங்கையை உடைத்தது. பிறகு அடுத்த மெஷின். பிறகு அதற்கும் அடுத்தது. யாரும் டீயைக் கீழே வைக்கவில்லை. அந்தக் கேன்டீன் டீ ஆறிப்போனால் மனுஷன் குடிக்க முடியாது.

நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணிக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு ஒட்டிய பீஸ் வேஸ்ட் மெஷினுக்குப் போய்ப் பஞ்சாகக் கிழிந்து வரும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் மாப்பிள்ளையின் வேட்டிக் கரையைத்தான் பார்ப்பாள். அப்படியொரு பிறவி.

அடிபட்டவர்களை டெம்போவில் அள்ளிப்போட்டுக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்தது. இவர்களுக்கு உதவலாமா கூடாதா என்று முடிவாகும்வரை பந்தி முடியாது என்று ஏற்பாடு. அதனால் யாருக்கும் அவசரமில்லை. ரத்தம் இலைகளுக்கு அடியில் ஓடியது. சாம்பார் வாளிக்காரர் அதைத் தாண்டித் தாண்டிப் பரிமாறினார்.

ஊர்த் தலைவர் அர்த்தநாரி ரசத்தை உறிஞ்சிவிட்டுப் பேசினார். "உதவோணும்னு எனக்கும் ஆசைதானுங்க. ஒடஞ்சவனுக்கு உதவுனா, நாளைக்கு எல்லாரும் ஒடச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க."

"அப்ப யாருக்குத்தானுங்க உதவுவீங்க?" என்றாள் துளசிமணி.

"ஒடையாதவங்களுக்கு. அவங்கதான் உதவியத் தாங்குவாங்க."

பந்தி மொத்தமும் தலையாட்டியது. இந்த நியாயத்தைக் கேட்டுவிட்டு எப்படிச் சோறு இறங்கியதோ தெரியவில்லை. இறங்கியது. இரண்டாம் முறை பாயசம் கேட்டார்கள்.

வந்தவர்களில் உடையாதவர் யார் என்று பார்க்க ஆள் வேண்டும். துளசிமணியை விட்டால் ஊரில் வேறு யார்? ஸ்டிக்கர் கட்டை அவள் கையில் திணித்தார்கள். மணமேடைக்குப் பின்னால் கம்பெனியின் வேஸ்ட் மெஷின் ஓட ஆரம்பித்தது. மறுத்துப் பேசத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பழகிய கை முந்திக்கொண்டது.

டெம்போவில் வந்த சின்னானின் மண்டையில் ஓர் அம்பு. ருக்குமணியின் தாடையில் ஓர் அம்பு. ஒவ்வொருவராக மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள். அந்தப் பக்கம் சிவப்புப் பஞ்சு குவிந்தது. ருக்குமணி போகும்போது, "ஏன் புள்ள, நானு உம்பக்கத்து டேபிள்தான" என்றாள். துளசிமணி அடுத்த அம்பை உரித்தாள். கை நிற்கவில்லை.

அடுத்து நாச்சிமுத்து வந்து நின்றான். முழங்கை எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது. மாத்திரை வாங்கோணும்."

அவள் தன் துப்பட்டாவை எடுத்து அவன் தோளில் போர்த்தினாள். கட்டைவிரலில் அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தன் உள்ளங்கையில் அழுத்தி மூடினாள்.

"பாஸ்" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் தவறாகப் பாஸ் போட்ட முதல் பீஸ் அவன்தான். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அர்த்தநாரி கைகழுவிவிட்டு வந்தார். "வேலை குடுக்கறதுதானுங்க பெரிய உதவி. இப்போதைக்கு ஊர்ல ஒருத்தர்தான் ஆள் எடுக்கறாரு."

கடைசி இலையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த மந்தம் எழுந்து வந்தது. நாச்சிமுத்துவுக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் ஓர் இரும்புக் குழாயும் கொடுத்தது. பந்தி கைதட்டியது.

மறுநாள் டீ நேரத்தில் நாச்சிமுத்து கம்பெனிக்குள் வந்தான். செருப்பை ஓரமாக வைத்தான். வரிசையாக அடித்துக்கொண்டே செக்கிங் டேபிளுக்கு வந்து சேர்ந்தான்.

"கொஞ்சம் தள்ளிக்கோ, துளசி."

அவள் நகரவில்லை. "கை இன்னும் வலிக்குதுங்களா?"

"வலிக்குது. எடது கையிலதான் வீசோணும்."

அவள் டீயைக் கீழே வைத்தாள். அவன் சட்டையைக் காலரிலிருந்து ஓரம்வரை பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"தெறிக்காம அடிங்க" என்றாள். "கறை பட்டா அம்பு ஒட்டிருவாங்க."

அவன் சரியென்று ஓர் எட்டு பின்னால் தள்ளி நின்று அடித்தான்.